அமைதி பதிவாகவில்லை

கொழும்பில் எங்களுக்குத் தங்குமிடம் பார்த்தவர் சுவிஸில் இருக்கும் என் அண்ணா நிமலன். அவருக்குத் திருச்சியில் கலியாணம். இலங்கைக்கு வர அவருக்கு அனுமதி இல்லை. பெண் வீட்டார் கனடாவில் இருக்கிறார்கள். எல்லோரும் வந்து சேரக்கூடிய நாடு என்று இந்தியா தெரிவாயிற்று. மண்டபம், ஐயர், சமையல் எல்லாம் ஒழுங்காகிவிட்டன. அப்பாவின் கடவுச்சீட்டு மட்டும் காலாவதியாகி இருந்தது. ஒருநாள் சேவையில் புதியது எடுக்கப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நேரம் கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த நேரம் கலியாணத்துக்குப் பிறகுதான்.

"இரவு பஸ் எடுத்தால் விடியப் போய் இறங்கலாம். நேரே பாஸ்போட் கந்தோருக்குப் போவம்," என்றார் அப்பா.

அண்ணா தொலைபேசியில் விடவில்லை. "முதல்நாளே போய் ஆறுதலா இருங்கோ அப்பா. நல்ல ஹோட்டல் ஒண்டு புக் பண்ணியிருக்கிறன். சின்ன இடம். ஆனால் டிசைன் ஹோட்டல். பேர் ஹஷ்."

"அதென்ன ஹஷ்?"

"சத்தம் போடாதை எண்டு சொல்லுறது."

அப்பா என்னைப் பார்த்தார். "ஆர் இஞ்சை சத்தம் போட்டது?"

அப்பாவின் பெயர் தம்பிஐயா. புங்குடுதீவின் இறுப்பிட்டியில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறார். கொழும்புக்குப் போவதென்றால் சில ஆயத்தங்கள் செய்வார். இப்போது அவை தேவையில்லை என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம், எதற்குப் போகிறோம் என்று காட்டுவதற்குக் கலியாண அழைப்பிதழ், எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து நூலால் கட்டினார். பிறகு என்னிடம் பாடம் கேட்டார்.

"ஏன் வந்தனீங்கள் எண்டு கேட்டால்?"

"பாஸ்போட் எடுக்க."

"எத்தினை நாளுக்கு?"

"ஒரு நாளுக்கு."

"இஞ்சை ஆரைத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது."

"கெட்டிக்காரி."

"இப்ப ஒருத்தரும் இதெல்லாம் கேக்கிறேல்லை அப்பா."

"கேக்காமல் விட்டால்தான் யோசிக்க வேணும்," என்றார்.

ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஓட்டோக்காரர் அந்த ஒழுங்கையில் மேலும் கீழும் ஓடிக் களைத்து, ஒரு சாம்பல் நிற மதிலுக்கு முன்னால் எங்களை இறக்கிவிட்டார். மதிலில் ஒரு கதவு இருந்தது. கதவில் பிடி இல்லை, மணி இல்லை, இலக்கம் இல்லை.

"பேர் போடாத இடத்துக்கு ஏன் பிள்ளை போறம்?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு தானாகத் திறந்தது. அவர் ஓரடி பின்னால் வைத்தார்.

உள்ளே ஓர் இளைஞர் நின்றார். சாம்பல் நிறத்தில் கழுத்துப்பட்டி இல்லாத நீண்ட சட்டை. வெறுங்கால்.

"நீங்கள் வந்துவிட்டீர்கள்," என்றார் அவர்.

"ஓம்," என்றார் அப்பா. "பாஸ்போட் எடுக்க. ஒரு நாள். ஒருத்தரையும் தெரியாது."

இளைஞர் கண்களை மூடித் திறந்தார். "என் பெயர் டெனிஸ்ரன். ஆனால் இங்கே பெயர்கள் முக்கியமில்லை. நான் உங்கள் பயணத் துணைவன்."

"நாங்கள் ரெண்டு பேர்தான் வந்தனாங்கள்," என்றார் அப்பா அவசரமாக. "வேறை துணை ஒருத்தரும் இல்லை."

டெனிஸ்ரன் வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலத் தமிழ் பேசினார். அதை வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. அது அப்பாவைத் தொந்தரவு செய்தது. இறுப்பிட்டியில் ஒருவர் வாய் திறந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கிராமத்தையும் தாய்வழியையும் அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

வரவேற்பு மேசை இல்லை. கதிரை இல்லை. தரையில் பெரிய கற்கள் கிடந்தன. அவற்றில் இருக்கச் சொன்னார். அப்பா நின்றார். பிடியில்லாத மண் கோப்பையில் வெதுவெதுப்பான தண்ணீர் வந்தது. அதில் ஓர் இலை மிதந்தது. அப்பா மணந்து பார்த்துவிட்டு, "நீர் முதல் குடியும் தம்பி," என்றார். டெனிஸ்ரன் குடித்தார். அப்பா சிறிது நேரம் அவரைக் கவனித்தார். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் அவர் குடிக்கவில்லை.

"எதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்?" என்று டெனிஸ்ரன் மெல்லக் கேட்டார்.

"ஒரு பையும் விடேல்லை. எல்லாம் கையிலை கிடக்கு."

"எதைத் தேடி வந்திருக்கிறீர்கள்?"

"ஒண்டையும் தேடி வரேல்லை."

"இந்தக் கணத்தில் உங்கள் மனதில் யார் இருக்கிறார்?"

"சத்தியமா ஒருத்தரும் இல்லை." அப்பாவின் நெற்றி வியர்த்துவிட்டது. பொதியை அவிழ்த்துக் கிராம சேவகரின் கடிதத்தை நீட்டினார். டெனிஸ்ரன் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். வாசிக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தார்.

"மிக அழகான தாள்," என்றார்.

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்நியர் முன்னால் எனக்குக் குரல் வருவது தாமதம். வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

பின்சுவர் முழுக்கச் சிறிய லாச்சிகள், சுவருக்குள் செருகிய இழுப்பறைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், பிடி கிடையாது. விருந்தினர் தங்கள் தொலைபேசியையும் அடையாளத்தையும் கம்பளித் துணிப்பை ஒன்றுக்குள் இட்டு அதில் வைத்துவிட வேண்டுமாம். போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

"இங்கே இருக்கும்வரை நீங்கள் யாரும் இல்லை," என்றார் டெனிஸ்ரன். "அதுதான் எங்கள் விருந்தோம்பல்."

அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். ஆனால் அடையாள அட்டையை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவது அவருடைய பழக்கம். கொடுத்த பிறகுதான் சந்தேகப்படத் தொடங்குவார். பொலித்தீன் பொதியை அப்படியே கொடுத்தார். ஒரு லாச்சி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"எந்த லாச்சி எண்டு பாத்தியோ?" என்று படியேறும்போது கேட்டார்.

பார்த்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது எல்லாம் ஒன்றுபோல இருந்தன.

அறை சிறியது. கட்டில் அதன் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டது. மிச்ச இடத்தில் வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பியிருந்ததால் பாய் விரிக்க வழியில்லை. சுவர்கள் பூசாத கொங்கிரீட். கூரைக்குக் கிட்ட ஒரு சிறு கீறல் போல ஜன்னல். நடுவில் கம்பியில் தொங்கும் ஒற்றை மின்குமிழ். மூலையில் குளியலறை, கண்ணாடிக்குள். அதற்குத் திரை இல்லை.

அப்பா வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, "நான் இந்த அறையிலை இருந்திருக்கிறன்," என்றார்.

"இது போன வருசம் கட்டின கட்டடம் அப்பா."

"புதுசெண்டால் ஏன் பூசேல்லை?"

அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்பிய வருடம் அவர்கள் இருவரும் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்கள். ஓர் இரவு பொலிஸார் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அறையில் வைத்திருந்தார்கள். காலையில் தேநீர் கொடுத்து விட்டுவிட்டார்கள். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. தேநீருக்குச் சீனி காணாது என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

நான் குளிக்கும்போது அவர் வெளி நடையில் நிற்பது, அவர் குளிக்கும்போது நான் நிற்பது என்று முடிவாயிற்று. என் முறை வந்ததும் அப்பா மாற்றி உடுக்கக் கொண்டுவந்த சாரத்தைக் கண்ணாடிமேல் போட்டு மறைத்துவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் நடையில் டெனிஸ்ரனின் குரல் கேட்டது. அந்தச் சாரம் அறையின் சமநிலையைக் குலைக்கிறது என்றார். அறையில் ஏற்பட்ட மாற்றம் கீழே தெரிகிறதாம்.

"கீழை எப்பிடித் தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

"அறை எங்களுக்குச் சொல்லும்."

"வேறை என்ன சொல்லும்?"

"நீங்கள் அமைதியாகிவிட்டீர்களா என்று சொல்லும். நீங்கள் அமைதியானதும் விளக்குத் தானாக அணையும்."

நான் குளித்து முடித்ததும் அப்பா உள்ளே வந்து மின்குமிழை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, நீ விஞ்ஞானம் படிச்சனி. இதை நிப்பாட்டு."

நான் சுவர் முழுவதும் தடவினேன். சுவிட்ச் எதுவும் இல்லை. அசைவையும் மூச்சையும் அளக்கிற உணரி ஒன்று கூரையில் எங்கோ இருக்க வேண்டும். எங்கே என்று பல்கலைக்கழகத்தில் சொல்லித்தரவில்லை.

பின்னேரம் விருந்தினர் அனைவரையும் கீழே கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் சாம்பல் அங்கி கொடுத்திருந்தார்கள். அப்பா தன் அங்கியை, உடுத்திருந்த சேட்டுக்கு மேல் போட்டுக்கொண்டார். கற்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வெளிநாட்டவர், மற்றவர்கள் கொழும்பிலேயே வீடு உள்ளவர்கள். ஹோட்டலைக் கட்டிய கீர்த்திகன் நடுவில் வந்து நின்றார். கட்டடக் கலைஞர். நாற்பது வயது இருக்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிப் பேசினார்.

"நான் எத்தனையோ நாட்டில ஹோட்டல் பாத்திருக்கிறன். எல்லா இடத்திலயும் விருந்தினருக்கு என்ன குடுக்கலாம் எண்டுதான் யோசிக்கிறாங்க. நாங்க மட்டும்தான் என்ன எடுக்கலாம் எண்டு யோசிச்சோம். முதல்ல கதிரையை எடுத்தோம். ஒருத்தரும் முறைப்பாடு சொல்லல்ல. பிறகு அலுமாரி. பிறகு ஜன்னல். ஒவ்வொண்டா எடுக்க எடுக்க வாடகையைக் கூட்டினோம். அறைகள் நிரம்பிச்சு."

எல்லோரும் தலையசைத்தார்கள்.

"இந்தச் சுவரைப் பாருங்க. பூசுறதை விடப் பூசாம விடுறதுக்குத்தான் செலவு கூட. சும்மா பூசாம விட்டா அது ஏழைச் சுவர். ஆள் வச்சுப் பூசாம விட்டா அது டிசைன்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அறைக்கு ஒரு மாதிரி தேடினோம். ஆசிரமம் பாத்தோம், கப்பல் பாத்தோம். திருப்தி இல்ல. கடைசியில ஒரு பழைய படம் கிடைச்சுது. ஏதோ பொலிஸ் கட்டடம். முந்தி ஆக்களைக் கொண்டுவந்து வச்சிருந்த அறை. என்ன விகிதம்! தேவையில்லாத ஒரு கோடு இல்ல. வெளிச்சம் மேலயிருந்து மட்டும். அதுக்குள்ள இருந்தவங்க எவ்வளவு ஆழமா யோசிச்சிருப்பாங்க!"

"ஓம் தம்பி, யோசிச்சனாங்கள்," என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள். கீர்த்திகனின் முகம் மலர்ந்தது. "என்ன யோசிச்சீங்க அங்கிள்?"

"எப்ப விடுவாங்கள் எண்டு."

கற்களில் இருந்தவர்கள் அதை நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்தாள்.

"உந்தக் கதவு உள்ளுக்கிருந்து பூட்டேலாமல் கிடக்கு," என்றார் அப்பா.

"பூட்டு எண்டுறது பயம் அங்கிள். நாங்க பயத்தை எடுத்துட்டோம்."

"வெளியிலை ஒரு கொளுக்கி இருக்கு."

"அது விகிதத்துக்கு."

"என்ரை அட்டையை இப்ப தாறியளோ?"

"அது பத்திரமா இருக்கு. இனி அது உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல." கீர்த்திகன் அப்பாவின் தோளில் கை வைத்தார். "இந்த அறையை இவ்வளவு ஆழமா உணர்ந்த விருந்தினர் நீங்கதான். இன்னும் ரெண்டு நாள் இருங்க. எங்கட செலவில."

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. இரண்டு நாள் கூட இருங்கள் என்று அவருக்கு முன்னரும் சொல்லியிருக்கிறார்கள் போல.

"எங்களுக்குக் காலமை எட்டு மணிக்குக் கந்தோர் தம்பி. மகன்ரை கலியாணம்."

"எட்டு மணி எண்டு ஒண்டு இங்க இல்ல அங்கிள். மணிக்கூட்டையும் எடுத்துட்டோம். காலைமௌனம் முடியும்வரைக்கும் இந்த வீட்டில ஒருத்தரும் பேசுறதில்ல. எங்கட ஆக்களும்தான். பேசினா அண்டைய சம்பளத்தை அவங்க மௌனத்துக்கு அன்பளிப்பாக் குடுத்துடுவாங்க."

"அது எப்ப முடியும்?"

"பத்து மணிக்கு," என்று டெனிஸ்ரன் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்.

விடிய நான் கண் விழித்தபோது மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. அப்பா உடுத்து, தலை சீவி, கட்டில் விளிம்பில் இருந்தார். படுத்த அடையாளம் இல்லை. கதவின் கீழால் ஒரு சாம்பல் அட்டை வந்து கிடந்தது. முந்திய இரவு எங்கள் அறையில் அமைதி பதிவாகவில்லை என்றும், அதற்காக ஹோட்டல் வருந்துகிறது என்றும் அதில் எழுதியிருந்தது.

"பாத்தியே," என்றார் அப்பா. "பதிஞ்சுகொண்டுதான் இருந்திருக்கிறாங்கள்."

கீழே டெனிஸ்ரன் தனியாக நின்று முந்தியநாள் கோப்பைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

"தம்பி, என்ரை பொதியைத் தாரும். ஓட்டோ பிடிக்க வேணும்."

டெனிஸ்ரன் பத்து விரல்களை விரித்துக் காட்டினார்.

"பத்து மணிக்குக் கந்தோரிலை என்ரை பேரை வெட்டிப்போடுவாங்கள். பிறகு பெடியன்ரை கலியாணத்துக்கு நான் இல்லை. உமக்கு விளங்குதோ?"

டெனிஸ்ரன் வேதனையுடன் தலையைக் குனிந்தார். கைகள் வேலையைத் தொடர்ந்தன. கோப்பைகளில் மிஞ்சியிருந்த தண்ணீரை ஒவ்வொன்றாக ஒரு கோப்பைக்குள் சேர்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். கோப்பை கழுவும் தொட்டி பக்கத்திலேயே இருந்தும், முற்றத்தின் மூலைக்கு நடந்துபோய் அங்கே நின்ற ஒற்றைக் குரோட்டன் செடிக்கு அதை ஊற்றினார். கடைசித் துளியும் விழும்வரை கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். ஒருவர் குடித்து மிஞ்சியதை யாரும் வீணே ஊற்றுவதில்லை. அது ஏதாவது ஒரு செடிக்குப் போகும். கொழும்பில் பிறந்தவர்கள் அப்படி நடந்துபோய் ஊற்றமாட்டார்கள்.

"நீர் தீவுப்பக்கம்," என்றார் அப்பா.

டெனிஸ்ரன் இல்லை என்று தலையாட்டினார்.

"நயினாதீவோ?"

இல்லை.

"அனலைதீவோ?"

இல்லை.

"ஊர்காவற்றுறை."

தலை பாதியில் நின்றது.

அப்பா கிட்டப் போனார். நேற்றிலிருந்து குனிந்திருந்த மனிதர் நிமிர்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரிப் பக்கமோ, துறைப் பக்கமோ? துறைப் பக்கம். சரி. காரைநகருக்கு வள்ளம் விட்ட சூசைமுத்து உமக்கு ஆர்? பேரனோ? மூக்கைப் பாக்கத் தெரியுது. அப்ப உம்மடை கொப்பர் மூத்தவனோ, இளையவனோ? இளையவன் மெலிஞ்சிமுனையிலை எல்லோ கலியாணம் முடிச்சவன். உம்மடை கொம்மான்ரை பேர்..."

"மெல்லக் கதையுங்கோ ஐயா!" என்று டெனிஸ்ரன் வெடித்தார். செய்தி வாசிக்கும் குரல் போய்விட்டது. "முதலாளிக்கு நான் கொழும்பு ஏழு, பெரிய இடத்துப் பெடியன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"ஏன், ஊர்காவற்றுறைக்கு என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை ஐயா. தெரிஞ்சால் சாரத்தைக் கட்டி வாசல்லை காட்சிக்கு நிப்பாட்டிப் போடுவார். முந்தி இருந்த பெடியன் ஒருத்தன் வாய் தவறி மட்டக்களப்பு எண்டு சொல்லிப்போட்டான். அவனை மூண்டு மாதம் மீன் வலையோடை நிக்க வைச்சவர். கடைசியிலை அவன் வலையையும் கொண்டு ஓடிப்போட்டான்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பொதியை எடுத்துத் தாரும்."

"அதுதான் ஐயா சிக்கல். எந்த லாச்சி எண்டு எனக்கும் தெரியாது."

"இலக்கம் போட்டு வைக்கிறதுக்கு என்ன?"

"கேட்டனான். இலக்கம் மனசைக் குழப்புமாம்."

"அப்ப ஆக்கள் வெளிக்கிடேக்கை என்ன செய்யிறனீர்?"

"எல்லாத்தையும் திறந்து திறந்து தேடுவன். அவை அதைச் சடங்கெண்டு நினைச்சுக் கும்பிட்டுக்கொண்டு நிப்பினம்."

அப்பா சுவரில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். ஒரு லாச்சி வெளியே வந்தது. பக்கத்தில் தட்டினார். இன்னொன்று. டெனிஸ்ரனும் நானும் தட்டத் தொடங்கினோம். துணிப்பைகளை ஒரு கல்லில் குவித்தோம். அப்பா அதற்குப் பக்கத்துக் கல்லில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அந்த ஹோட்டலில் அவர் கல்லில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு விருந்தினர் இறங்கி வந்தார்கள். அங்கியுடன், வெறுங்காலுடன், பேசாமல். தங்கள் கடவுச்சீட்டுகளும் அட்டைகளும் கல்லில் கிடப்பதைக் கண்டார்கள். இது காலை நிகழ்ச்சி என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள்.

அப்பா கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"பேர்?"

"கம்சிகா," என்றாள் அவள் மெல்ல.

"எவ்விடம்?"

"வெள்ளவத்தை."

"வெள்ளவத்தையிலை வீடு இருக்க இஞ்சை ஏன் வந்தனீர்?"

"தெரியல்ல," என்றாள். பிறகு அழுதாள். "எனக்கே தெரியல்ல அங்கிள்."

"சரி, அழாதையும். இந்தாரும். அடுத்தாள்."

வரிசையில் நின்றவர்கள் ஓசை வராமல் விரல்நுனிகளால் கைதட்டினார்கள். அடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அப்பா கேட்ட மூன்று கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னார். இந்தக் கேள்விகளுக்கு மொழி தேவைப்படுவதில்லை. கண்ணால் ஆளையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தால் போதும்.

பைகள் குறைந்துகொண்டு வந்தன. அப்பாவின் பொதி வரவில்லை. வெளியே வெயில் ஏறிவிட்டது. கடைசிப் பையை அவிழ்த்தார். அதற்குள் ஒரு சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இருந்தது.

"முடிஞ்சுதோ?" என்று என்னைக் கேட்டார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது கீர்த்திகன் படிகளில் இறங்கி வந்தார். வரிசையைக் கண்டு நின்றார். கண்கள் கலங்கின. தன் மௌன விதியைத் தானே மறந்தார்.

"அங்கிள்! இதை எப்பிடி யோசிச்சீங்க? இவ்வளவு நாளும் இதைத்தானே நாங்க தேடினோம்!"

"அடையாள அட்டை?" என்றார் அப்பா.

"நான் இந்த இடத்துச் சொந்தக்காரன் அங்கிள்."

"அதுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கோ?"

கீர்த்திகன் அங்கியைத் தடவினார். அதில் பை வைத்துத் தைக்கவில்லை.

"அப்ப அங்காலை ஒரு பக்கமா நில்லும்."

அவர் போய் ஒரு பக்கமாக நின்றார். ஏன் நின்றார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நின்ற இடத்திலிருந்து, "அங்கிள், உங்கட பொதியையா தேடுறீங்க?" என்று பணிவாகக் கேட்டார். "அதை நான் நேற்றே எடுத்துட்டனே."

அவர் காட்டிய இடத்தில், படிகளுக்குப் பின்னால், சுவருக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி பதித்திருந்தது. உள்ளே மேலிருந்து விழும் ஒரு வெளிச்சக் கீற்று. அதன் நடுவில் அப்பாவின் பொலித்தீன் பொதி. நூல் பாதி அவிழ்ந்திருந்தது. அடையாள அட்டையின் மூலையும் கலியாண அழைப்பிதழின் பிள்ளையாரும் வெளியே தெரிந்தன. விருந்தினர் சிலர் ஏற்கனவே அதன் முன்னால் கைகட்டி நின்று பார்த்துவிட்டுத்தான் வரிசைக்கு வந்திருக்கிறார்கள்.

"என்ன ஒரு படைப்பு!" என்றார் கீர்த்திகன். "பயத்தை இவ்வளவு சின்னதாக் கட்டி வைக்க ஒரு டிசைனராலயும் ஏலாது. நிரந்தரமா வைக்கப்போறோம். கண்ணாடியை ஒட்டியாச்சு. திறக்கிறதுக்கு ஆள் திங்கட்கிழமைதான் வரும். அதுக்கு முதல் திறந்தா பசை விட்டுப்போயிரும்."

"தம்பி, அது என்ரை அட்டை," என்றார் அப்பா. அவர் எழுந்து நின்றிருந்தார். நிமிர்வு போய்விட்டிருந்தது. "அது இல்லாமல் நான் எங்கையும் போகேலாது."

"அதுதான் அங்கிள் அதின்ட அழகு."

நான் எதுவும் சொல்ல முயலவில்லை. சொல்ல வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும் என்று தெரியும். தரையில் கிடந்ததில் கைக்கு அடக்கமான ஒரு கல்லை எடுத்தேன். கண்ணாடியின் நடுவில் அடித்தால் அது வளைந்து தாங்கும். விளிம்புக்குக் கிட்ட அடிக்க வேண்டும். அடித்தேன்.

அந்த ஹோட்டல் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. எல்லாச் சில்லுகளும் விழுந்து ஓய்ந்த பிறகு வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இம்முறை சத்தமாக. கீர்த்திகனும் தட்டினார்.

"ஓடுங்கோ ஐயா!" என்று டெனிஸ்ரன் ஊர்காவற்றுறைத் துறையில் நின்று மறுகரைக்குக் கூப்பிடுவது போலக் கத்திக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தார்.

ஓட்டோவில் அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னுடையதுதானா என்று பார்த்தார். பொதியிலிருந்த கண்ணாடித் துகள்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். என் கையைப் பிடித்து வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கந்தோரை அடைந்தோம். வாசலில் மூன்று மொழிகளில் பெரிய பெயர்ப்பலகை இருந்தது. அப்பா நின்று மூன்றையும் பார்த்தார். உள்ளே இலக்கத் துண்டு கொடுத்தார்கள். மஞ்சள் நிறம் பூசிய சுவர். பிளாஸ்ரிக் கதிரைகள். கடகடவென்று சுற்றும் மின்விசிறி. சுவரில் சாய வேண்டாம் என்று ஒருவர் எல்லோரையும் பொதுவாக ஏசிக்கொண்டு நடந்தார். அப்பா ஒரு கதிரையில் இருந்தார். இருந்தவுடனேயே நித்திரையாகிவிட்டார்.

இலக்கம் வந்ததும் எழுப்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையை வாங்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இது நீங்கதானா?"

"ஓம், நான்தான்," என்றார் அப்பா உரத்து. "தம்பிஐயா. புங்குடுதீவு, இறுப்பிட்டி. மகன்ரை கலியாணம், திருச்சியிலை. போட்டுத் திரும்பி வந்திடுவன்."

அவள் முத்திரை குத்தினாள். "மூண்டு மணிக்கு வந்து பாஸ்போட்டை எடுங்க."

அப்பா நகரவில்லை. "வேறை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்ல. அடுத்த ஆள்."

வெளியே வந்து தேநீர்க் கடை வரைக்கும் அவர் நடந்தார். அங்கே நின்று, கந்தோரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் பிள்ளை அவ்வளவு லேசா விட்டவ?"